போர்ட்டிகோவில் நிற்காதவன்

விழுப்புரம் தாண்டினால் எனக்கு வெளிநாடுதான். காபி மாறிவிடும், பேச்சு மாறிவிடும், பஸ்காரர் ஹாரன் அடிக்கிற தினுசே மாறிவிடும். மதுரைக்குப் போவதென்றால் நாலு நாள் முன்பே பெட்டியை அடுக்கத் தொடங்கிவிடுவேன். "சிங்கப்பூருக்கா போற?" என்று என் மனைவி கேலி செய்வாள். இந்த முறை முட்டி வலி என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் கிளம்பினேன்.

காரணம் என் மகள் வாசுகி. மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி உள்ளே போகிற ஆலங்கரைப்பட்டியில் அவள் ஊராட்சி மன்றத் தலைவர். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் புதிதாகப் போர்ட்டிகோ கட்டியிருக்கிறாள். குடியரசு தினத்தன்று திறப்பு விழா. "நீங்க வராம ரிப்பன் வெட்ட விடமாட்டேம்ப்பா" என்று போனில் சொல்லிவிட்டாள்.

போர்ட்டிகோவைப் பற்றி என்னிடமா பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் முப்பத்தோரு வருஷம் அரசாங்கக் கார் ஓட்டியவன் நான். அரசு விழா மரியாதைகளைப் பார்க்கிற புரோட்டகால் பிரிவில் டிரைவர். பதவியேற்பா, கொடியேற்றமா, வெளிநாட்டு விருந்தாளியா, எதுவாக இருந்தாலும் என் வண்டி ஏதாவது ஒரு போர்ட்டிகோவில்தான் போய் நிற்கும். அதற்கு முறை இருக்கிறது. இடது பின்கதவு முதல் படியின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு சாண் முன்னே போனாலும் தப்பு, பின்னே நின்றாலும் தப்பு. பிரேக் போடுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. அவர் இறங்கி, கதவு சாத்தியதும் மூன்று எண்ணிவிட்டு வண்டியை நகர்த்திவிட வேண்டும். போர்ட்டிகோவில் டிரைவர் நிற்கக் கூடாது.

அதனால் மாலை மரியாதை, பேண்டு வாத்தியம் எல்லாம் எனக்குக் கண்ணாடியில் பார்த்த காட்சிகள்தான். தூவுகிற பூவில் பாதி என் பானெட்டில் விழும். மரத்தடிக்குப் போய்த் துடைத்துப் போடுவேன். ஒருமுறை பதவி போன ஒரு மந்திரி, கடைசி நாள் கோப்பெல்லாம் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் போர்ட்டிகோவில் வந்து நின்றார். அவர் கார் அன்று காலையே வேறொருவருக்கு மாறிவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு நானே அவர் முன்னால் போய் நின்றேன். உள்ளேயிருந்து புதியவர் இறங்கினார். பழையவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாரே, அது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

இவ்வளவு பெருமை பேசுகிறவன், சம்பந்தி வீட்டில் மட்டும் இதைச் சொன்னதில்லை. வாசுகி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். மாப்பிள்ளை செல்வம் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது பழக்கம். பேசி முடிக்க மாப்பிள்ளை ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் மீசை, வெள்ளை வேட்டி. எனக்கு வாய் குழறிவிட்டது. "நீங்க என்ன வேல பாக்குறீக?" என்று சம்பந்தி ஒச்சப்பன் கேட்டதும், "புரோட்டகால்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். டிரைவர் என்ற சொல் வரவில்லை. அதிகாரி என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்ற கள்ளப்புத்திதான். அன்று ராத்திரி மனைவி என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள். "நானா சொல்றவரைக்கும் நீ சொல்லாதே" என்று வாசுகியிடம் கேட்டுக்கொண்டேன். பதினொரு வருஷம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு உண்மை தெரியும். அவரும் வாயைத் திறந்ததில்லை.

*

முதல் நாள். மாட்டுத்தாவணியில் இறங்கி, நகர பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அரை மணி நேரம் கழித்துத்தான் அது ஆனையூர் போகிற பஸ் என்று தெரிந்தது. கண்டக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணே, நீங்க போற ஊரு மேக்க. இது வடக்க. எறங்கி எதுத்தாப்புல நில்லுங்க" என்று சொல்லி, பெட்டியையும் அவரே இறக்கி வைத்தார். எங்கள் ஊரில் இந்நேரம் ஒரு பிரசங்கமே நடந்திருக்கும்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வாசுகி அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்தாள். "எம்புட்டு நேரம்ப்பா! போன எடுக்க மாட்டீகளா?" என்று அதட்டினாள். மகளின் பேச்சு முழுக்க மதுரையாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, எதையோ பறிகொடுத்தது போலவும் இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல புரோட்டா. நான் எப்போது போனாலும் ஒச்சப்பன் செக்கானூரணிக்கு ஆள் அனுப்பி அடுக்கடுக்காகப் புரோட்டாவும் தூக்குவாளி நிறையச் சால்னாவும் வாங்கி வரச் செய்வார். நான் முதல் வாயைப் பிய்த்துப் போடும்வரை வீட்டில் யாரும் தட்டைத் தொடமாட்டார்கள்.

"எப்பிடி சம்மந்தி?" என்றார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குறது எங்களுக்குத் தெரியும். பதம் எப்பிடி?"

நான் கொஞ்சம் யோசிப்பது போலப் பாவனை செய்து, "போன தடவையவிட மெதுவா இருக்கு" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "மாஸ்டர் வந்தாச்சா!" என்று கும்பிட்டார். மதுரைக்காரர்களின் மரியாதையே தனி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

*

மறுநாள் திங்கட்கிழமை. விழாவுக்குப் பொன்னாடை, ரிப்பன், கத்திரிக்கோல் வாங்க மாப்பிள்ளையோடு மதுரைக்குப் போனேன். முதலில் ஒரு பெரிய அரசு அலுவலகத்தில் அவருக்கு ஒரு கடிதம் கொடுக்கும் வேலை இருந்தது. அன்று மனுக் கொடுக்கும் நாள். நான் வேடிக்கை பார்த்தது போர்ட்டிகோவைத்தான். நல்ல அகலம். நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் தனித்தனி வழி. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவேன்.

மனுவோடு வந்த ஒருவர் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. திரும்பி வந்து தேடியபோது செருப்பைக் காணோம். கார் வந்து போனதில் எங்கோ இடறிப் போயிருந்தது. "இங்கனதான வச்சேன்" என்று அவர் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் நானும் தேடி, ஒன்றைப் பூந்தொட்டிக்குப் பின்னாலும் இன்னொன்றைச் சாக்கடை மூடிமேலும் கண்டெடுத்தோம். முப்பத்தோரு வருஷத்தில் என் டயரில் எத்தனை செருப்பு இடறியதோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மத்தியானம் திருமலை நாயக்கர் மகால். அந்தத் தூண்களை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டவில்லை. பக்கத்தில் வயதான பிரெஞ்சுத் தம்பதி. புதுச்சேரியில் கார் ஓட்டிய புண்ணியத்தில் பிரெஞ்சு எனக்குக் காதுக்குப் பழக்கம். அந்த அம்மாள் கணவரிடம், "இவ்வளவு பெரிய தூணுக்குப் பக்கத்தில் நின்றால் ராஜா குள்ளமாகத்தானே தெரிந்திருப்பார்?" என்றாள். அவர், "அதற்குத்தான் நடுவில் நிற்பார், தூணுக்குப் பக்கத்தில் மற்றவர்களை நிறுத்துவார்" என்றார். எங்கள் பிரிவில் ஒரு பெரிய அதிகாரிகூட இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

*

மூன்றாம் நாள் கப்பலூர். தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் புதுக் கொடிக்கம்பம் செய்யக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து வர மாப்பிள்ளை குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். வண்டியைவிடக் கம்பம் நீளம். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். மாப்பிள்ளை பட்டறை வாசலில் ரிவர்ஸ் எடுத்தார். என் வலது கால் தன்னால் தரையை மிதித்தது. மூன்றாவது தடவை கம்பம் டீக்கடைத் தட்டியைத் தொட்டபோது என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, நம்ம ஊரு ஆள் இல்லாத எடம்தான். நீங்க ஓட்டுறீகளா?" என்று சிரித்தார் அவர்.

இறங்கி இடம் மாறினோம். அடடா, நாலு வருஷத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்! கம்பம் ஆடாமல், துணி அசங்காமல் ஓட்டினேன். இரண்டு பக்கமும் வயல், நாகமலை நீளமாகக் கூடவே வந்தது. ஊர்க்காரர்கள் யாரும் பார்க்குமுன், ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நானே நிறுத்தி, கீழே இறங்கி, மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

சாயங்காலம் வாசுகி போர்ட்டிகோவைக் காட்டினாள். நாலு தூண், வெள்ளைச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. தூணிலிருந்து தூணுக்கு நான் காலால் அளந்தேன். "வாசு, இதுல ஒரே சுத்துல வண்டி நுழையாதும்மா. திரும்புறதுக்கு எடம் பத்தாது" என்றேன்.

"காருக்குக் கட்டலப்பா, ஆளுக்குக் கட்டுனது" என்றாள். "நூறு நாள் வேலைக்குப் பேரு குடுக்க வாரவுக, சர்ட்டிபிகேட்டுக்கு வாரவுக, அம்புட்டுப் பேரும் வெயில்ல நிப்பாக. ஒரு நா ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

அப்படிச் சொன்னபோது அவளை எனக்கு அப்படியே வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

"நாளைக்கி உங்களுக்கும் பொன்னாடை. மாமா ஆசப்படுறாக. கிளார்க் மைக்குல உங்களப் பத்திப் பேசுவாரு."

"இன்னான்னு பேசுவாரு?"

அவள் தூணில் காய்ந்த ஒரு சொட்டுச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. ஊர்ல தெரிஞ்சதப் பேசுவாரு. மாத்தணும்னா நீங்கதான் மாத்தணும். பதினோரு வருஷமா நான் வாயத் தொறக்கல, இனியும் தொறக்க மாட்டேன்."

அன்று எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அவள் ஊர் நடுவில் நின்று பேசுகிற முதல் பெரிய விழா. அவளுடைய போர்ட்டிகோவில், அவளுடைய கொடிக்குக் கீழே, அதிகாரி என்று பொய்ப் பொன்னாடை போர்த்திக்கொண்டு நான் நிற்பதா? உண்மையைச் சொன்னால், தலைவர் குடும்பமே பொய் சொன்னது என்று ஊர் அவளைப் பேசாதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

*

மறுநாள் குடியரசு தினம். காலை எட்டு மணிக்கு வாசுகி கொடியேற்றினாள். நாங்கள் கொண்டு வந்த கம்பம் பளபளவென்று நின்றது. கயிற்றை இழுத்ததும் முடிச்சு உடனே அவிழவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாசுகி பதறாமல் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சுண்டினாள். கொடி விரிந்து பூ கொட்டியது. அதில் ஒரு சாமந்தி அவள் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பதினொரு மணிக்குக் கிராம சபை. போர்ட்டிகோவைத் திறந்துவைக்க வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ., வருகிறார். போர்ட்டிகோ முகப்பில் வாழைமரம், படிக்கு மேலே ரிப்பன், பக்கவாட்டில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு. படிமேல் ஒச்சப்பனுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், என்னை முக்கியஸ்தராக நிறுத்தியிருந்தார்கள். ஜீப் வந்தது. டிரைவர் புதிது போலும். நான் சொன்னது போலவே ஒரே சுற்றில் நுழைய முடியவில்லை. முன்னும் பின்னுமாக இழுத்து, கடைசியில் படிக்கு நாலடி முன்னாலேயே நிறுத்தினார். பி.டி.ஓ. இறங்கினால் நேராக, படிக்குப் பக்கவாட்டில் போட்டிருந்த கோலத்தின் மேல், அதிலும் சாணியில் செருகிய பூசணிப்பூவின் மேல், கால் வைப்பார்.

அதன் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் உடம்பு செய்தது. விறுவிறுவென்று படியிறங்கினேன். "வா, வா, வா, லெப்ட் ஒடி, ஒடிச்சுப் புடி, நேரா வா, ஸ்டாப்!" என்று கையைக் காட்டினேன். ஜீப் படிக்கு நேராக வந்து நின்றது. இடது கதவைத் திறந்தேன். வலது கையைக் கதவுக்கு மேலே பிடித்தேன், அவர் தலை இடிக்காமல். பிறகு ஒரு அடி பின்வாங்கி, கண்ணைத் தாழ்த்தி, விறைப்பாக நின்றேன்.

பி.டி.ஓ. "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு மேலே போனார். அப்போதுதான் நிமிர்ந்தேன். ஊர் மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். வாசுகி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பி.டி.ஓ.வுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

ரிப்பன் வெட்டினார்கள். கை தட்டினார்கள். கிளார்க் மைக்கைப் பிடித்தார். "அடுத்தபடியாக, நமது தலைவர் அவர்களின் தந்தையார், புதுச்சேரி மாநகரில் முப்பதாண்டு காலம் புரோட்டா தொழிலில் கொடிகட்டிப் பறந்த மாஸ்டர் அவர்களுக்குப் பொன்னாடை!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. புரோட்டாவா? மாஸ்டரா? பிறகு மண்டையில் உறைத்தது. பதம் எப்படி சம்மந்தி. தெருவில் கும்பிட்டவர்கள். பதினொரு வருஷத்துப் புரோட்டா அத்தனையும் கண் முன்னால் வந்தது. நான் புரோட்டகால் என்று சொன்னேன். இந்த ஊர் புரோட்டாக் கடை என்று கேட்டிருக்கிறது. நான் அதிகாரி வேஷம் போட்டதாக நினைத்துக் குறுகிக்கொண்டிருந்தேன். இவர்களோ மாவு பிசைகிறவன் என்று நம்பித்தான் பெண் எடுத்து, சம்பந்தி சம்பந்தி என்று தாங்கியிருக்கிறார்கள்.

ஒச்சப்பன் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மைக்கை வாங்கினேன்.

"நான் புரோட்டா மாஸ்டர் இல்லீங்க. ஆபீசரும் இல்ல. புரோட்டகால்னு ஒரு டிபார்ட்மென்டு. அதுல டிரைவர். பொண்ணு பேச வந்தப்போ டிரைவர்னு சொல்ல எனக்கு வெக்கமாயிருந்துச்சு. தப்பு என்னுது. எம் பொண்ணு மேல ஒண்ணுமில்ல. அவ பொய் சொல்லல, நான் கேட்டுக்கினதால சும்மா இருந்தா."

ஒச்சப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு வருசமா எங்க புரோட்டாவுக்கு மார்க்கு போட்டது?"

"சும்மா சொன்னதுதான் சம்மந்தி."

"அடப் பாவி மனுசா!" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பொண்ணு பேசப் போன அன்னைக்கு நம்ம வேனு சந்துக்குள்ள சிக்கிக்கிச்சே, யாரு எடுத்து விட்டது? இவருதான்! புரோட்டா மாஸ்டருக்கு வண்டி இம்புட்டு வளமா வருதேன்னு அன்னைக்கே நெனச்சேன்யா!"

ஊரே சிரித்தது. பி.டி.ஓ.வும் சிரித்தார். ஒச்சப்பன் பொன்னாடையை என் தோளில் போட்டு, இரண்டு நுனியையும் இழுத்து இறுக்கினார். "டிரைவர்னு சொன்னா பொண்ணு எடுத்திருக்க மாட்டோமாக்கும்? எங்கள என்னன்னு நெனச்சீக?" என்று காதருகே சொன்னபோது அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

வாசுகி பக்கத்தில் வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். "புரோட்டான்னு உனக்கு முன்னயே தெரியுமா?" என்றேன்.

"தெரியும். யாரத் திருத்துறது? நீங்க சொன்னதும் பொய்யி, அவுக கேட்டதும் பொய்யி." மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பதினொரு வருஷமாக நான் கேட்காத எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாள்: "இன்னாப்பா நீ. இத்த சொல்றதுக்கு இம்மா நாளா?"

கிராம சபை முடிந்தது. தீர்மானங்கள் படித்துக் கையெழுத்து வாங்கியவரை ஜனங்கள் போர்ட்டிகோ நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். செருப்பை யாரும் கழற்றவில்லை. பி.டி.ஓ. கிளம்பினார். அவரை வழியனுப்ப வாசுகி படியில் வந்து நின்றாள், பக்கத்தில் நான், தோளில் பொன்னாடை. மரத்தடியிலிருந்து ஜீப் வந்தது. மறுபடியும் அந்த டிரைவர் திணறினார். என் வலது கை தன்னால் எழுந்தது.

வாசுகி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்தபடியே, விரலோடு விரல் கோத்து, இறுக்கமாக. ஜீப் மூன்றடி தள்ளித்தான் நின்றது. பி.டி.ஓ. தானே கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். நான் போர்ட்டிகோவிலேயே நின்றேன்.